விலை குறைந்த ஹோம் தியேட்டர்: ஏமாற்றம் தரும் தவறுகள்

ஆம்ப்ளிஃபையர், ஐந்து குட்டி ஸ்பீக்கர், தாழ்ந்த ஒலிக்கென்று (பேஸ்) ஒரு சப்வூஃபர் என எல்லாம் ஒரே பெட்டியில் வரும் செட். மாட்டிய முதல் நாள் வீடே அதிரும். ஒரு வாரம் போனால், வசனம் கேட்கவில்லையென்று சத்தத்தைக் கூட்டுவதும், சண்டைக் காட்சி வந்ததும் அவசரமாகக் குறைப்பதுமே வேலையாகிவிடும். செட்டின் தரம் ஒரு காரணம்தான். ஆனால் வைத்த இடமும் மாட்டிய விதமும் சேர்ந்து கெடுப்பது அதைவிட அதிகம் என்பது என் அனுபவம்.

முதலில், டிவிக்கு அருகே நடுவில் வைக்கும் சென்டர் ஸ்பீக்கரைப் பாருங்கள். 5.1 ஒலி (ஐந்து ஸ்பீக்கருக்கும் ஒரு சப்வூஃபருக்கும் தனித்தனி ஒலி) உள்ள படத்தில் வசனத்தின் பெரும்பகுதி அதில்தான் வரும். அதைத்தான் பலர் டிவி அலமாரியின் உள்ளே தள்ளி வைக்கிறார்கள். நான்கு பக்கமும் பலகை அடைத்துக்கொள்ள, குரல் குடத்துக்குள் பேசுவது போல ஆகிவிடும். பலகையின் விளிம்பு வரை முன்னே இழுங்கள். அது காதுக்குக் கீழே இருந்தால், முன்பக்கத்துக்கு அடியில் மடித்த துணி ஒன்றை வைத்துச் சற்று நிமிர்த்துங்கள். அப்புறம் அமைப்புகளில் சென்டரின் அளவை மட்டும் 2 அல்லது 3 டெசிபல் (ஒலி அளவின் அலகு) கூட்டுங்கள். பாதிக் குறை இதிலேயே தீர்ந்துவிடலாம்.

அடுத்தது வயர். ஒருமுறை செட்டைக் கழற்றி மறுபடி மாட்டிய பிறகு, பாடகரின் குரல் நடுவில் நிற்காமல் அறையெங்கும் சிதறியது, பேஸும் மெலிந்துவிட்டது. ஸ்பீக்கர் போய்விட்டது என்றே இரண்டு நாள் வருத்தப்பட்டேன். டார்ச் அடித்துப் பார்த்தால், இடது ஸ்பீக்கரில் மட்டும் சிவப்பும் கறுப்பும் இடம் மாறியிருந்தன. ஒன்றின் கோன் (ஸ்பீக்கரில் அதிரும் கூம்பு) காற்றை முன்னே தள்ளும் நேரத்தில் மற்றது பின்னே இழுக்கும். தாழ்ந்த ஒலிகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். மாற்றிச் சொருகியதும் குரல் நடுவில் வந்து நின்றது.

சப்வூஃபரை இடம் இருக்கிறதே என்று சோபாவுக்குப் பின்னால் வைப்பது இன்னொரு தவறு. இந்த செட்களின் குட்டி ஸ்பீக்கர்களில் கோன் இரண்டு, மூன்று அங்குலம்தான். 150 ஹெர்ட்ஸுக்கு (ஒலி எவ்வளவு தாழ்ந்தது, உயர்ந்தது என்பதன் அளவு) கீழே அவற்றால் சரியாக ஒலிக்க முடியாது என்பதால், அந்தச் சுமையும் சப்வூஃபரின் தலையில் விழுகிறது. சுமார் 80 ஹெர்ட்ஸுக்கு மேல் போனால் ஒலி எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பதைக் காது கண்டுபிடித்துவிடும். அதனால் கனத்த ஆண் குரலின் அடிப்பகுதி முதுகுக்குப் பின்னாலிருந்து வரும். டிவி பக்கமே வையுங்கள். மூலையில் ஒட்டி வைத்தால் பேஸ் வீங்கி 'தொம் தொம்' என்று இரையும். கொஞ்சம் தள்ளி வைத்துப் பாருங்கள்.

ஆப்டிகல் கேபிளில் மாட்டி, டிவி அமைப்புகளில் ஒலி வெளியீட்டை பிசிஎம் என்றே விட்டுவிட்டால் இடது, வலது என இரண்டு சேனல்தான் செட்டுக்குப் போகும். பின்பக்க ஸ்பீக்கர்கள் சும்மா இருக்கும், அல்லது முன்னால் கேட்பதையே திருப்பிச் சொல்லும். பிட்ஸ்ட்ரீம் அல்லது டால்பி டிஜிட்டல் என்று மாற்றுங்கள். ப்ளூடூத்தில் படம் பார்த்தாலும் இரண்டு சேனல்தான்.

இனி வாங்கப் போகிறவர்களுக்கு. பெட்டியில் கொட்டை எழுத்தில் இருக்கும் வாட்ஸைப் பார்த்து மயங்காதீர்கள். பிஎம்பிஓ என்ற உச்ச சக்தி அளவுக்குப் பொதுவான விதிமுறையே கிடையாது. ஆர்எம்எஸ், அதாவது தொடர்ந்து தரக்கூடிய சக்தி, எவ்வளவு என்று பாருங்கள். அதையும் 10% ஒலிச்சிதைவில் அளந்து போடுவதுண்டு. வாட்ஸ் இரட்டிப்பானால் கூடுவது 3 டெசிபல்தான். காதுக்கு இரண்டு மடங்காகத் தோன்ற ஏறக்குறைய பத்து மடங்கு சக்தி வேண்டும்.

இன்னொன்று, இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. பல செட்களில் ஸ்பீக்கர் சொருகும் முனையே அந்த மாடலுக்கென்று தனியாகச் செய்தது. ஆம்ப்ளிஃபையர் போனால் மொத்த செட்டும் வீண். பாட்டுக் கேட்பதுதான் முக்கியம் என்றால், அதே பணத்துக்கு நல்ல இரண்டு ஸ்பீக்கரும் ஒரு சின்ன ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபையரும் வாங்குவதே மேல் என்பேன்.

கடையில் வெடிச் சத்தம் போட்டுக் காட்டுவார்கள். நீங்கள் நன்றாக அறிந்த படத்தில் இரண்டு பேர் தாழ்ந்த குரலில் பேசும் காட்சியைப் போடச் சொல்லி, சத்தத்தைக் குறைத்துக் கேளுங்கள்.