தாத்தாவின் இரட்டைக்குழல்: எமரி பேப்பரைத் தொடும் முன்

எங்கள் தாத்தா மிளகுத் தோட்டத்தில் பன்றி விரட்ட வைத்திருந்தது இங்கிலாந்தின் பர்மிங்காமில் செய்த '12 போர்' (குழல் அகலத்தின் அளவு) துப்பாக்கி. 'பளபளன்னு இருக்கட்டும்' என்று சித்தப்பா அதன் கட்டைக்கு (தோளில் வைக்கும் மரப்பகுதி) நாற்காலி வார்னிஷ் அடித்து, குழலை எமரி பேப்பரால் தேய்த்தும் வைத்துவிட்டார். அதைச் சரிசெய்ய எனக்கு இரண்டு மழைக்காலம் பிடித்தது. அந்த அனுபவத்தில் எழுதுகிறேன்.

1. முதலில் காகிதம்

உரிமம் துப்பாக்கியோடு வருவதில்லை, ஆளோடு போய்விடும். உரிமதாரர் இறந்துவிட்டால் தாமதிக்காமல் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற டீலரிடமோ ஒப்படைத்து ரசீது வாங்குங்கள். 1959 ஆயுதச் சட்டம் சொல்வது இதுதான். பிறகு வாரிசு தன் பெயரில் உரிமத்துக்கு விண்ணப்பிக்கலாம். உரிமம் வரும்வரை மற்ற படிகளைப் படித்து மட்டும் வையுங்கள். இன்னொன்று: உரிமம் இல்லாமல் குழலை வெட்டிக் குட்டையாக்குவது குற்றம். பழுதுபார்ப்பதும் உரிமம் பெற்ற துப்பாக்கிக் கடையின் வேலை. துடைப்பது, பார்ப்பது, கட்டையைத் தேற்றுவது இவ்வளவுதான் நம் பங்கு.

2. காலிதானா?

யார் சொன்னாலும் நம்பாமல் மேலே உள்ள நெம்பைத் தள்ளித் திறந்து, தோட்டா உட்காரும் இரண்டு அறைகளையும் கண்ணாலும் விரலாலும் பாருங்கள். தோட்டா சிக்கியிருந்தால் நோண்டாமல் கடைக்காரரைக் கேளுங்கள். வெறும் அறையில் விசையை இழுத்து 'டக்' கேட்டு ரசிப்பதும் வேண்டாம், தோட்டாவைக் குத்தி வெடிக்கவைக்கும் பழைய ஊசி உடையும்.

3. குழலின் அடியில் படியுங்கள்

குழலுக்கு அடியில் கை பிடிக்கும் முன்கட்டையைக் கழற்றினால் குழல்கள் தனியே வந்துவிடும். அடியில் தட்டையான பகுதியில் சிறு முத்திரைகள் இருக்கும். துப்பாக்கியின் ஜாதகமே அதில்தான். குழல்களைச் சுட்டுச் சோதித்து முத்திரையிடும் பர்மிங்காம் சோதனைச் சாலை 1813-இல் வந்தது. 1904-க்குப் பிந்தைய அதன் முத்திரைகளில் மகுடத்துக்குக் கீழே 'என்.பி.' என்று இருந்தால், புகையில்லா மருந்துக்கு (இன்றைய தோட்டாக்களில் உள்ள வெடிமருந்து) சோதித்த குழல் என்று பொருள். அது இல்லையென்றால் அதற்கு முந்தைய கரிமருந்துக் காலத்துக் குழல் என்றே வைத்துக்கொள்ளுங்கள். குழல் முழுக்கப் பாம்புத் தோல் போல வரி ஓடினால் அது டமாஸ்கஸ், அதாவது இரும்பும் எஃகும் முறுக்கிச் சுற்றிப் பற்றவைத்தது. பார்க்க அழகு. நிபுணர் அளந்து சொல்லாமல் அதில் எந்தத் தோட்டாவையும் போட நான் சம்மதிக்க மாட்டேன்.

அறை நீளத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். பழைய பிரிட்டிஷ் துப்பாக்கிகள் பலவற்றில் அறை 65 மி.மீ. (2½ அங்குலம்). இப்போது கிடைக்கும் தோட்டா பெரும்பாலும் 70 மி.மீ. ஆனால் இந்த 70 என்பது வெடித்து விரிந்த பிறகுள்ள நீளம். வெடிக்காத தோட்டா குட்டை அறையிலும் சுகமாக உட்கார்ந்துவிடும். வெடிக்கும்போது அதன் வாய் விரிய இடமில்லாமல் அழுத்தம் எகிறும். 'உள்ளே போகுதே, அப்புறம் என்ன?' என்ற கேள்வி இங்கே செல்லாது.

4. பார்த்து, தட்டி, ஆட்டி

- வெளிச்சத்தை நோக்கிப் பிடித்துக் குழலுக்குள் பாருங்கள். கரும்புள்ளி துருக்குழி. வட்ட நிழல் உடைந்து தெரிந்தால் அங்கே நெளிவு.
- குழல்களை ஒரு கொக்கியில் தொங்கவிட்டு விரல் முட்டியால் தட்டுங்கள். மணி போல ஒலித்தால் நல்லது. சொத்தென்று சத்தம் வந்தால், இரண்டு குழலையும் இணைக்கும் பட்டையின் ஈயப் பற்று விட்டிருக்கலாம்.
- முன்கட்டை இல்லாமல் குழலை மாட்டி மூடி, கட்டையைப் பிடித்து மெல்ல ஆட்டுங்கள். லொடலொடத்தால் பூட்டு தேய்ந்திருக்கிறது.

இவற்றில் ஒன்று தவறினாலும் துப்பாக்கி சுவரில் மாட்டி வைக்கத்தான். எல்லாம் சரியாக இருந்தாலும், குழல் சுவரின் தடிமனையும் அறையையும் கடைக்காரர் கருவியால் அளந்து சொன்ன பிறகுதான் சுடும் பேச்சு.

5. கட்டை

எனக்குப் பிடித்த வேலை இது. உப்புத்தாள் வேண்டாம். மரம் இரும்பைச் சந்திக்கும் விளிம்பு ஒரு முறை தேய்ந்தால் திரும்ப வராது. வார்னிஷை ரிமூவரால் எடுங்கள். பல வருட எண்ணெய் ஊறிக் கறுத்த இடத்தில் சாக்பீஸ் தூளை ஸ்பிரிட்டில் குழைத்துப் பூசிக் காயவிட்டால் எண்ணெயை இழுக்கும். எனக்கு ஏழெட்டு முறை ஆயிற்று. பள்ளம் விழுந்திருந்தால் ஈரத்துணியை வைத்து இஸ்திரிப் பெட்டியால் ஒரு நொடி தொடுங்கள், மரம் உப்பி எழும்.

பிறகு ஆளிவிதை எண்ணெய், 'பாயில்டு' வகை. நாலு சொட்டு, உள்ளங்கையால் சூடேறத் தேய்த்து, நன்றாகக் காயவிட்டு அடுத்த பூச்சு. துடைத்த துணியைக் கசக்கி மூலையில் போடாதீர்கள், தானாகத் தீப்பிடிக்கும். தண்ணீரில் நனைத்து விரித்துப் போடுங்கள்.

6. இரும்பு

மேல்துருவுக்கு எண்ணெயும் மிக மெல்லிய ஸ்டீல் வூலும் போதும். சித்திர வேலைப்பாட்டை மட்டும் தொடாதீர்கள். கொதிக்கும் உப்புக் கரைசலில் முக்கிக் கறுக்கும் ப்ளூயிங்குக்குச் சம்மதிக்காதீர்கள். ஈயப் பற்றை அது அரிக்கும், பட்டைக்கடியில் தங்கித் துருவும் பிடிக்கும். தேங்காய் எண்ணெயும் வேண்டாம், மலைக்குளிரில் உறைந்துவிடும்.

வைக்கும்போது பழைய தோல் உறையில் போடாதீர்கள், ஈரம் பிடிக்கும். பூட்டிய அலமாரியில் வாய் கீழாக நிறுத்துங்கள். எண்ணெய் மரத்துக்குள் இறங்காது. சாக்பீஸ் பூச்சை மறுபடி முதலிலிருந்து தொடங்க எனக்குத் தெம்பில்லை.