மும்பைப் புழுக்கத்தில் மாரத்தான்: உங்களுக்கு மணிக்கு எவ்வளவு வேர்க்கிறது?

முதல் மாரத்தானுக்குப் பேர் கொடுத்தவர்கள் ஷூவைப் பற்றி நூறு கேள்வி கேட்பார்கள். வேர்வையைப் பற்றி யாரும் கேட்பதில்லை. மும்பையில் 30 கிலோமீட்டருக்கு மேல் ஆளைத் தள்ளாட வைப்பதில் அதற்கும் பெரிய பங்கு உண்டு.

ஓடும்போது உடல் செலவழிக்கும் சக்தியில் ஏறத்தாழ முக்கால் பங்கு சூடாகத்தான் போகிறது. வேர்வை தோலிலேயே காய்ந்தால்தான் அந்தச் சூடு தணியும். சொட்டி விழுந்தால் தண்ணீர் போனதுதான் மிச்சம். கடற்கரை ஊரின் ஈரக் காற்றில் அது காயாமல் முழங்கையில் ஒழுகும், உடலும் விடாமல் சுரந்துகொண்டே இருக்கும். இரத்தத்தில் நீர் குறையும். இருக்கும் இரத்தத்தில் ஒரு பங்கு சூட்டை வெளியேற்றத் தோலுக்குப் போய்விடும். ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் தள்ளும் அளவு குறைவதால் துடிப்பு ஏறும். வேகம் மாறாமலே நிமிடத்துக்கு 148 துடிப்பு, ஒரு மணி நேர ஓட்டத்தில் 160 ஆவது இப்படித்தான்.

அளக்க வேண்டியது ஒரே ஒரு எண். 100 கிராம் வித்தியாசத்தையும் காட்டும் டிஜிட்டல் எடை மெஷின் போதும். மிதியடி மேல் வைக்காமல் வெறும் தரையில் வையுங்கள்.

முதலில் சிறுநீர் கழித்துவிட்டு, உடையில்லாமல் எடை பாருங்கள். கொண்டுபோகும் பாட்டிலையும் சமையலறைத் தராசில் நிறுத்துக்கொள்ளுங்கள். தண்ணீரில் ஒரு கிராம் என்பது ஒரு மில்லி. பிறகு போட்டி வேகத்தில் சரியாக 60 நிமிடம். மாட்டுங்கா ஃபைவ் கார்டன்ஸோ சிவாஜி பார்க்கோ, வெளியில் ஓட வேண்டும். ஏசி ஜிம் டிரெட்மில்லில் கிடைக்கும் எண்ணுக்கு அர்த்தமில்லை.

திரும்பியதும் தண்ணீர் குடிக்காமல், உடையைக் கழற்றி, தலைமுடி உட்பட நன்றாகத் துவட்டி மறுபடி எடை. பலரும் கோட்டைவிடுவது இங்கேதான். நனைந்த டீ-ஷர்ட்டோடு ஏறினால், போன வேர்வை அதிலேயே உட்கார்ந்திருக்கும். கணக்கு குறைவாகக் காட்டும்.

முன் எடை 62.4 கிலோ, பின் எடை 61.7, குடித்தது 400 மில்லி என்றால், 0.7 உடன் 0.4 கூட்டி, மணிக்கு 1.1 லிட்டர். நடுவில் சிறுநீர் கழித்திருந்தால் அந்த அளவைக் கழியுங்கள்.

42.195 கிலோமீட்டரை நாலரை மணி நேரத்தில் முடிப்பவருக்கு இது கிட்டத்தட்ட 5 லிட்டர். அத்தனையையும் குடித்து ஈடுகட்டப் பார்க்காதீர்கள், குலுங்கும் வயிறு ஏற்காது. மணிக்கு 700 மில்லி குடித்தால் கடைசியில் 1.8 லிட்டர் குறையும், அதாவது எடையில் 3 சதவீதத்துக்குள். முதல் முறை ஓடுபவருக்கு நியாயமான கணக்கு. 15 நிமிடத்துக்கு ஒரு முறை 175 மில்லி. உங்கள் எண் மணிக்கு 1.5 லிட்டரைத் தாண்டினால் வழி ஒன்றுதான்: வேகத்தைக் குறையுங்கள். சூடு குறையும், வேர்வையும் குறையும்.

ஓடி முடித்தபின் எடை கூடியிருந்தால் அதுதான் நிஜமான ஆபத்து. வெறும் தண்ணீரை அளவுக்கு மீறிக் குடித்ததில் இரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போகும்; தலைவலி, வாந்தி, குழப்பம் வரும். அப்போது இன்னும் தண்ணீர் கொடுக்காமல் நேராக மருத்துவ முகாமுக்குக் கூட்டிப்போக வேண்டும்.

டீ-ஷர்ட் காய்ந்தபின் வெள்ளைத் திட்டு தெரிகிறவர்களுக்கு உப்பு அதிகம் போகிறது. உலக சுகாதார நிறுவன அளவில் வரும் ஓஆர்எஸ் பாக்கெட்டை முழு ஒரு லிட்டரில் கரையுங்கள். அரை லிட்டரில் கெட்டியாகக் கலக்கினால் வயிற்றைப் புரட்டும். அதில் குளுக்கோஸ் லிட்டருக்கு 13.5 கிராம்தான் என்பதால் ஓட்டத்துக்கான தெம்பு கிடைக்காது. மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து எனர்ஜி ஜெல், பேரீச்சை, வாழைப்பழம் என்று தனியாகப் போக வேண்டும்.

வெயிலில் தொடர்ந்து 10 முதல் 14 நாள் ஓடினால் உடல் பழகிக்கொள்ளும். இரத்த நீர் கூடும், வேர்வை சீக்கிரம் தொடங்கும், உப்பு குறைவாகப் போகும். ஆனால் வேர்வையின் அளவு கூடும். எனவே அக்டோபரில் எடுத்த எண்ணை ஜனவரிப் போட்டிக்கு வைத்துக்கொள்ளாதீர்கள். மூன்று வாரம் முன்னால், போட்டி தொடங்கும் அதே விடியற்காலை நேரத்தில் மறுபடி மெஷினில் ஏறுங்கள்.