ஒரே விலையில் இரண்டு மின்சார கார்கள்: எதை எடுப்பது?

இரண்டுமே மின்சார கார். இரண்டுமே ஐந்து பேர் அமரக்கூடிய சிறிய குடும்பக் கார். விலையும் ஏறக்குறைய ஒன்றுதான். பெட்ரோல் கார் என்றால் மைலேஜ் எவ்வளவு என்று கேட்டு, தெரிந்த மெக்கானிக்கிடம் ஒரு வார்த்தை விசாரித்து முடித்துவிடுவோம். மின்சார காருக்கு அந்தப் பழைய அளவுகோல் பாதிதான் உதவுகிறது. சென்ற ஆண்டு இதே இக்கட்டில் மூன்று வாரம் மாட்டிக்கொண்டிருந்தேன். இரண்டு விற்பனைக் கையேடுகளை அருகருகே விரித்து வரிக்கு வரி ஒப்பிட்டதிலேயே முதல் இரண்டு வாரம் போய்விட்டது. பிறகுதான் எதை முதலில் பார்க்க வேண்டும் என்பது புரிந்தது. அந்த வரிசையில் எழுதுகிறேன். வசதிக்காக ஒன்றை வெள்ளைக் கார் என்றும் மற்றதை நீலக் கார் என்றும் வைத்துக்கொள்வோம்.

படி 1: ஷோரூமுக்குப் போகும் முன் ஒரு நோட்டு

ஒரு வாரம், நாள்தோறும் எத்தனை கிலோமீட்டர் ஓடுகிறீர்கள் என்று குறித்து வையுங்கள். ஆண்டுக்கு எத்தனை நீண்ட பயணம், பின் இருக்கையில் வழக்கமாக யார் உட்காருவார்கள், இரவில் கார் நிற்கும் இடத்தில் பிளக் இருக்கிறதா, இவற்றையும் எழுதுங்கள். என் நோட்டில் பெரும்பாலான நாட்கள் 40 கிலோமீட்டரைத் தாண்டவில்லை. முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் போனது ஆண்டுக்கு நான்கு முறை. அதைப் பார்த்த பிறகுதான் ரேஞ்ச், அதாவது ஒரு முழு சார்ஜில் ஓடும் தூரம், பற்றிய பதற்றம் பாதியாகக் குறைந்தது. இரவில் சார்ஜ் செய்ய வழியில்லாதவர்களுக்கு நிலைமை வேறு. அவர்கள் படி 3-ஐ இரண்டு முறை படிக்கட்டும்.

படி 2: ரேஞ்ச் எண்ணை உரித்துப் பாருங்கள்

கையேட்டில் உள்ள ரேஞ்ச் ஆய்வகச் சோதனையில் கிடைத்த எண். எந்தச் சோதனை என்பதை முதலில் பாருங்கள். என்இடிசி என்பது பழைய சோதனை. தாராளமாகவே எண் தரும். ஐரோப்பாவில் 2017 முதல் அதன் இடத்துக்கு வந்த டபிள்யூஎல்டிபி கொஞ்சம் கறார். அமெரிக்காவின் இபிஏ எண் பொதுவாக அதையும்விடக் குறைவாக இருக்கும். ஒரு காருக்கு ஒரு சோதனையின் எண்ணையும் இன்னொன்றுக்கு வேறு சோதனையின் எண்ணையும் வைத்து ஒப்பிடுவதில் பொருளே இல்லை.

அடுத்தது பேட்டரியின் கொள்ளளவு. இது கிலோவாட் மணியில் இருக்கும். மின்கட்டண ரசீதில் நாம் பார்க்கும் யூனிட்டும் இதுவே. மொத்தக் கொள்ளளவு, பயன்படுத்தக்கூடிய கொள்ளளவு என்று இரண்டு எண்கள் உண்டு. உங்களுக்கு வேண்டியது இரண்டாவது.

இனி சோதனை ஓட்டம். இரண்டு கார்களையும் ஒரே சாலையில், ஒரே வேகத்தில், ஏசி போட்டு ஓட்டுங்கள். கிளம்பும் முன் பயண மீட்டரைச் சுழியமாக்குங்கள். முடிந்ததும் 100 கிலோமீட்டருக்கு எத்தனை யூனிட் என்று திரை காட்டும். உதாரணத்துக்கு, வெள்ளைக் காரில் பயன்படுத்தக்கூடியது 54 யூனிட், செலவு 17.5 என்று வைத்துக்கொள்வோம். ஓடுவது சுமார் 308 கிலோமீட்டர். நீலக் காரில் 51 யூனிட்தான், ஆனால் செலவு 15. அது 340 கிலோமீட்டர் ஓடும். பெரிய பேட்டரி உள்ள கார் பின்தங்கிவிட்டது! கையேட்டை மட்டும் பார்த்திருந்தால் இது தெரிந்திருக்காது.

நெடுஞ்சாலையிலும் ஒரு முறை ஓட்டுவது அவசியம். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் இருமடிப் பெருக்கமாக ஏறும். மணிக்கு 100 கிலோமீட்டரிலிருந்து 120-க்குப் போனால் அந்த எதிர்ப்பு 1.44 மடங்காகிறது. நகருக்குள் சமமாக இருந்த இரண்டு கார்கள் இங்கேதான் பிரியும். உயரமான, சதுரமான உடல் கொண்ட கார் பெரும்பாலும் தோற்கும்.

படி 3: சார்ஜ் வேகத்தில் உச்சத்தை நம்பாதீர்கள்

‘150 கிலோவாட் அதிவேக சார்ஜ்’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். அது உச்ச வேகம். சில நிமிடங்களுக்கு மேல் நிற்காமலும் போகலாம். பேட்டரி நிரம்ப நிரம்ப வேகம் இறங்கும். 80 சதவீதத்துக்கு மேல் ஊர்ந்துதான் போகும். ஆகவே கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: 10 சதவீதத்திலிருந்து 80 சதவீதம் வர எத்தனை நிமிடம்?

கணக்கு எளிது. வெள்ளைக் கார் 150 கிலோவாட் என்று சொல்லிக்கொண்டு 36 நிமிடம் எடுக்கிறது என்போம். அதன் 54 யூனிட்டில் 70 சதவீதம் 37.8. சராசரி வேகம் 63 கிலோவாட். நீலக் கார் 100 கிலோவாட்தான், ஆனால் 28 நிமிடத்தில் 35.7 யூனிட்டை ஏற்றிவிடுகிறது. சராசரி 76-க்கு மேல். நீண்ட பயணத்தில் பசியோடு காத்திருக்கும் குழந்தைகளுக்கு உச்ச வேகம் பற்றிக் கவலை இல்லை.

வீட்டு சார்ஜ் வேறு விஷயம். காருக்குள் இருக்கும் சார்ஜரின் திறன் 7.4 கிலோவாட்டா, 11 கிலோவாட்டா என்று விற்பனையாளர் பெருமையாகச் சொல்வார். 11 கிலோவாட்டைப் பயன்படுத்த மும்முனை இணைப்பு வேண்டும். உங்களிடம் ஒருமுனை இணைப்புதான் என்றால் அந்த வித்தியாசத்துக்குக் காசு கொடுக்காதீர்கள். சாதாரண 230 வோல்ட், 10 ஆம்பியர் பிளக்கே 2.3 கிலோவாட் தருகிறது. 40 கிலோமீட்டருக்கான 6 யூனிட்டை ஏற்ற மூன்று மணி நேரம் போதும். ஆனால் அந்த இணைப்பின் ஒயர் தொடர்ந்து பல மணி நேரம் அந்தச் சுமையைத் தாங்குமா என்று எலக்ட்ரீஷியனை வைத்துப் பார்த்துவிடுங்கள்.

சார்ஜ் வாய் எங்கே இருக்கிறது, முன்மூக்கிலா, பின்பக்கவாட்டிலா என்பதையும் கவனியுங்கள். அற்பமாகத் தெரியும். தினமும் பின்னோக்கி நிறுத்த வேண்டியிருக்கும்போது அற்பமாக இருக்காது. பழைய கார் வாங்குபவர்கள் பிளக்கின் வகையையும் சரிபார்க்க வேண்டும். பல நாடுகளில் சாடெமோ வகைப் புதிய சார்ஜர்கள் அருகிவருகின்றன.

படி 4: பேட்டரியின் ஜாதகம்

இன்றைய கார்களில் பெரும்பாலும் இரண்டு வகை: எல்எஃப்பி (லித்தியம் இரும்புப் பாஸ்பேட்), என்எம்சி (நிக்கல், மாங்கனீசு, கோபால்ட்). எல்எஃப்பியின் அடிப்படையான இரும்புப் பாஸ்பேட் மின்வாயை 1990களில் வெளிக்கொண்டுவந்தது ஜான் குட்எனஃப் குழு. லித்தியம் அயனி பேட்டரி ஆய்வுக்காக 2019-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டபோது அவருக்கு வயது 97. எல்எஃப்பி அதிக முறை சார்ஜ் செய்தாலும் தாங்கும், எளிதில் தீப்பற்றாது. ஒரே அளவு மின்சாரத்துக்கு எடை கூடுதல். கடுங்குளிரில் சார்ஜ் ஏற மந்தம். என்எம்சி எடை குறைவு; ஆனால் அன்றாடம் 80 சதவீதத்தோடு நிறுத்திக்கொள்வது அதற்கு நல்லது. எல்எஃப்பியை வாரம் ஒரு முறையாவது 100 சதவீதம் ஏற்றச் சொல்வார்கள். காரணம், அதன் மின்னழுத்தம் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் நிற்பதால், எவ்வளவு மீதி என்று காரே தடுமாறும்.

ஆக, 50 யூனிட் எல்எஃப்பியை முழுவதும் ஏற்றினால், அன்றாடப் பயன்பாட்டில் அது 54 யூனிட் என்எம்சியை முந்திவிடும். 54-இல் 80 சதவீதம் 43 தானே.

பேட்டரிக்குத் திரவக் குளிரூட்டல் உண்டா என்றும் கேளுங்கள். நிசான் லீஃபின் முதல் இரண்டு தலைமுறைகளில் அது இல்லை. வெப்பமான இடங்களில் இது முக்கியம். உத்தரவாதம் பெரும்பாலும் 8 ஆண்டு அல்லது 1,60,000 கிலோமீட்டர், கொள்ளளவு 70 சதவீதத்துக்குக் கீழே போகாது என்றிருக்கும். அந்தச் சதவீதம் எழுத்தில் இருக்கிறதா என்று பாருங்கள்.

படி 5: பின் இருக்கையில் பத்து நிமிடம்

என் முடிவு உண்மையில் இங்கேதான் உருவானது. மின்சார காரில் பேட்டரி தரைக்கடியில் படுத்திருக்கிறது. அதனால் பின்பக்கத் தரை உயர்ந்துவிடும். இருக்கையும் அதற்கேற்ப உயராவிட்டால் முழங்கால் மேலே ஏறி, தொடை அந்தரத்தில் நிற்கும். ஷோரூமில் ஒரு நிமிடம் உட்கார்ந்தால் தெரியாது.

வெள்ளைக் காரில் அம்மாவை உட்கார வைத்தேன். விற்பனையாளர் கூரைக் கண்ணாடியைத் திறந்து காட்டிக்கொண்டிருந்தார். அம்மா இரண்டு கைகளாலும் முழங்காலைப் பிடித்துக்கொண்டு, “குழிக்குள் உட்கார்ந்தது போல இருக்கிறதே” என்றார். முன் இருக்கைக்கு அடியில் பாதம் நுழைகிறதா என்று பார்த்தேன். செருப்பின் நுனி முட்டி நின்றது. நீலக் காரில் நுழைந்தது. இருக்கையின் விளிம்பும் தொடைக்கடியில் இன்னும் நாலு விரற்கடை நீண்டிருந்தது.

குழந்தை இருக்கை இருந்தால் கையோடு எடுத்துப் போங்கள். ஐசோஃபிக்ஸ் கொக்கி இருப்பது மட்டும் போதாது. பின்நோக்கிய இருக்கையை மாட்டிய பிறகு முன்னால் பெரியவர் ஒருவர் உட்கார இடம் மிஞ்ச வேண்டும்.

டிக்கியில் லிட்டர் கணக்கை விட்டுவிட்டு, உங்கள் தள்ளுவண்டியையோ பெரிய பெட்டியையோ வைத்துப் பாருங்கள். வெள்ளைக் காரின் பெரிய எண்ணில் தரைக்கடியில் உள்ள பள்ளமும் சேர்ந்திருந்தது. சார்ஜ் கேபிள் பை வைத்ததும் அது நிரம்பிவிட்டது. ஸ்டெப்னி இருக்கிறதா என்று மறக்காமல் கேளுங்கள். பல மின்சார கார்களில் இல்லை. பஞ்சர் ஒட்டும் கருவிதான் தருகிறார்கள். டயரின் பக்கவாட்டு கிழிந்தால் அது எதற்கும் உதவாது.

படி 6: மிச்ச சொச்சம்

பாதுகாப்பு நட்சத்திரங்களைப் பார்க்கும்போது சோதனை நடந்த ஆண்டையும் பாருங்கள். விதிகள் சில ஆண்டுகளுக்கு ஒரு முறை கடினமாகின்றன. பழைய ஐந்து நட்சத்திரமும் புதிய ஐந்து நட்சத்திரமும் ஒன்றல்ல. இரண்டு காருக்கும் காப்பீட்டுத் தொகையையும் ஒரு டயரின் விலையையும் எழுதி வாங்குங்கள். கனமான கார்கள் டயரை வேகமாகத் தின்னும். ஓடும்போது ஏசியைக் குறைக்க எத்தனை முறை திரையைத் தொட வேண்டியிருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள்.

படி 7: இன்னும் சமமாகவே இருந்தால்

நான் மதிப்பெண் அட்டவணை ஒன்று போட்டேன். ஒரு காருக்கு 78, மற்றதற்கு 77 வந்தது. மறுநாள் வேறு மனநிலையில் போட்டபோது தலைகீழானது. அதைக் கிழித்துவிட்டு, வாங்கிய பிறகு மாற்ற முடியாதவை எவை என்று மட்டும் பட்டியலிட்டேன்: தரையின் உயரம், இருக்கை, பேட்டரி வகை, மின்சாரச் செலவு, சார்ஜ் ஏறும் நேரம். திரையும் ஒலிபெருக்கியும் மென்பொருளும் அடுத்த வரிசைக்குப் போயின. ‘அடுத்த அப்டேட்டில் வரும்’ என்று சொல்லப்பட்ட எதற்கும் நான் மதிப்பே தரவில்லை.

நீலக் காரை எடுத்தோம். அதன் சார்ஜ் வாய் பின்பக்கவாட்டில் இருக்கிறது. ஒவ்வொரு இரவும் பின்னோக்கித்தான் நிறுத்துகிறேன். இன்னும் எரிச்சலாகத்தான் இருக்கிறது. அம்மா பின் இருக்கையில் காலை நீட்டித் தூங்கிவிடுகிறார்.