பழைய நூல்களில் நவீன அறிவியலைக் காணும் கூற்றுகளைச் சோதிப்பது எப்படி

ரிக் வேதத்தில் ஒளியின் வேகம் சொல்லப்பட்டிருக்கிறது, திருவாசகம் பேரண்டத்தின் விரிவை முன்பே பாடிவிட்டது, கணாதர் அணுவை அன்றே கண்டுபிடித்தார் என்பன போன்ற செய்திகள் கைப்பேசிக்கு வரும்போது, சிலர் அவற்றை அப்படியே நம்புகிறார்கள். சிலர் படிக்காமலேயே தள்ளிவிடுகிறார்கள். இரு சாராருமே அந்த நூலைப் புரட்டிப் பார்ப்பதில்லை என்பதுதான் எனக்கு வருத்தம் தருகிறது. சமஸ்கிருதப் புலமையோ இயற்பியல் பட்டமோ இல்லாத ஒருவரும் இத்தகைய கூற்றைத் தாமே சோதித்துப் பார்க்க முடியும். அதற்கான வழியை இங்கே விளக்குகிறேன்.

முதலில் கூற்றை ஒரே வாக்கியமாக எழுதிக்கொள்ளுங்கள். எந்த நூல், அதில் எந்தப் பாடல் அல்லது சூத்திரம், அது எந்தக் காலத்தது, எந்த நவீன முடிவை அது முந்தியதாகச் சொல்லப்படுகிறது என்ற நான்கு விவரங்களும் அதில் இருக்க வேண்டும். "நம் முன்னோர்கள் அன்றே சொன்னார்கள்" என்ற அளவில் நிற்கும் கூற்றை நிறுவவும் முடியாது, மறுக்கவும் முடியாது. அதற்காக நேரம் செலவிட வேண்டியதில்லை.

அடுத்து, மேற்கோளுக்கு முன்னும் பின்னும் உள்ள அடிகளைச் சேர்த்துப் படியுங்கள். திருவாசகத்தின் திருவண்டப்பகுதியில் மாணிக்கவாசகர் அண்டங்கள் "நூற்றொரு கோடியின் மேற்பட விரிந்தன" என்று பாடும் அடி, பேரண்டம் விரிவடைகிறது என்ற இருபதாம் நூற்றாண்டுக் கருத்துக்குச் சான்றாகக் காட்டப்படுகிறது. ஆனால் வாக்கியம் அங்கே முடியவில்லை. "இன்னுழை கதிரின் துன்னணுப் புரையச் சிறிய வாகப் பெரியோன்" என்று அது தொடர்கிறது. வீட்டுக்குள் நுழையும் வெயிற்கதிரில் மிதக்கும் நுண்துகள்களைப் போல அத்தனை அண்டங்களும் சிறியனவாகத் தோன்றும்படி இறைவன் பெரியவன் என்பதே பாடல் சொல்ல வந்தது. வானியலாளர்களான லெமேத்ர் 1927இலும் ஹபிள் 1929இலும் கூறியது வேறு: விண்மீன் மண்டலங்கள் எவ்வளவு தொலைவில் இருக்கின்றனவோ அவ்வளவு வேகமாக விலகிச் செல்கின்றன என்ற, அளந்து சரிபார்க்கத்தக்க ஓர் உறவு அது. திருவண்டப்பகுதியை ஹபிளுக்குச் சான்றிதழாக மாற்றினால் ஹபிளுக்கு எதுவும் கூடுவதில்லை. ஆனால் தமிழின் மிக உயர்ந்த கற்பனைகளுள் ஒன்று வாசகரின் கண்ணிலிருந்து மறைந்துவிடுகிறது.

எண்களோடு வரும் கூற்றுகளுக்குக் கூடுதல் கவனம் தேவை. ஒளிவேகக் கூற்றுக்கு ஆதாரமாகக் காட்டப்படும் ரிக் வேத முதல் மண்டலத்தின் 50ஆம் சூக்தம் சூரியனைப் போற்றுவது. அதன் நான்காம் மந்திரத்தில் எந்த எண்ணும் இல்லை. எண் வருவது, 14ஆம் நூற்றாண்டில் விஜயநகர அரசவையைச் சார்ந்த சாயணர் அந்த மந்திரத்துக்கு எழுதிய உரையில்தான். அவரும் அதைத் தம் கணக்காகச் சொல்லாமல், மரபில் வழங்கிவந்த ஒரு வணக்கச் செய்யுளாகவே எடுத்துக்காட்டுகிறார்: அரை நிமிஷத்தில் 2,202 யோஜனை கடந்து செல்லும் சூரியனே, உனக்கு வணக்கம் என்பது அதன் பொருள். (யோஜனை ஒரு பழைய தூர அளவு; இங்கே நிமிஷம் என்பது இன்றைய நிமிடம் அன்று, ஒரு பழைய கால அளவு.) இதைப் படித்தவுடனேயே இரண்டு செய்திகள் தெளிவாகின்றன. எண்ணுக்கு நம்மிடம் உள்ள இந்தச் சான்று வேத காலத்தது அன்று. செய்யுளின்படி பயணம் செய்வதும் சூரியனே, ஒளி என்று அங்கே சொல்லப்படவில்லை.

இருப்பினும் கணக்கைப் போட்டுப் பார்த்துவிடுவது நல்லது. நிமிஷம் என்பது எவ்வளவு நேரம்? 15 நிமிஷம் ஒரு காஷ்டை என்கிறது விஷ்ணு புராணம். 18 நிமிஷம் என்கிறது மனு ஸ்மிருதி. அதற்கு மேல் இரண்டிலும் 30 காஷ்டை ஒரு கலை, 30 கலை ஒரு முகூர்த்தம், 30 முகூர்த்தம் ஒரு நாள். எனவே அரை நிமிஷம் என்பது முதல் கணக்கில் ஏறத்தாழ 0.107 விநாடி, இரண்டாவதில் 0.089 விநாடி. யோஜனை எவ்வளவு தூரம்? பூமியின் விட்டத்தை ஆரியபட்டர் 1,050 யோஜனை என்றும், சூரிய சித்தாந்தம் என்ற பழைய வானியல் நூல் 1,600 யோஜனை என்றும் கொள்கின்றனர். இன்றைய அளவான 12,742 கிலோமீட்டரை இவற்றால் வகுத்தால், யோஜனை முறையே 12.1 கிலோமீட்டராகவும் 8 கிலோமீட்டராகவும் ஆகிறது. இவற்றை மாற்றி மாற்றி இணைத்தால் விநாடிக்கு ஏறத்தாழ 1,64,000, 1,97,000, 2,51,000, 3,01,000 கிலோமீட்டர் என நான்கு விடைகள் கிடைக்கின்றன. ஒளியின் உண்மையான வேகம் 2,99,792 கிலோமீட்டர்.

நான்காவது விடை வியப்பூட்டும் அளவுக்கு நெருங்கி வருகிறது என்பதை நேர்மையாக ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் மனுவின் நிமிஷத்தையும் ஆரியபட்டரின் யோஜனையையும்தான் சேர்க்க வேண்டும் என்று செய்யுளும் சொல்லவில்லை, சாயணரும் சொல்லவில்லை. விடையை முன்பே தெரிந்துவைத்திருக்கும் நாம்தான் அந்த இணையைத் தேர்ந்தெடுக்கிறோம். 1676இல் வானியலாளர் ஓலே ரோமர், வியாழனின் துணைக்கோளான அயோவின் கிரகணங்கள் பிந்துவதைக் கொண்டு ஒளி பரவ நேரம் பிடிக்கிறது என்று காட்டினார். அவருடைய அளவீட்டிலிருந்து ஹைகன்ஸ் பெற்ற வேகம் உண்மையைவிடக் கால் பங்கு குறைவு. ஆயினும் அதை நாம் கண்டுபிடிப்பு என்கிறோம், ஏனெனில் எதைப் பார்த்தார், எப்படிக் கணித்தார் என்பது தெரிவதால் பின்வந்தோரால் அதைத் திருத்த முடிந்தது.

ஆகவே நீங்கள் நூலில் தேட வேண்டியது விடையை அன்று. விடைக்கு வந்த வழியை. இந்தச் சோதனையில் தோற்பவை பல, ஆனால் தேர்ச்சி பெறுபவையும் உண்டு. ஆரியபட்டர் தமக்கு 23 வயதான ஆண்டாகக் கி.பி. 499ஐத் தம் நூலில் குறிக்கிறார். ஓடத்தில் முன்னோக்கிச் செல்பவனுக்குக் கரையில் நிற்பவை பின்னோக்கி நகர்வதாகத் தோன்றுவதைப் போல, நிலையான விண்மீன்கள் மேற்கு நோக்கி நகர்வதாகத் தோன்றுகின்றன என்று காரணம் சொல்கிறார். 43,20,000 ஆண்டுகள் கொண்ட ஒரு யுகத்தில் பூமி 158,22,37,500 முறை சுழல்வதாக எண்ணும் தருகிறார். அதிலிருந்து ஒரு சுழற்சிக்கு 23 மணி 56 நிமிடம் 4.1 விநாடி என்று எவரும் கணித்துக்கொள்ளலாம். இன்றைய அளவும் அதுவே. ஒரு நூற்றாண்டுக்குப் பின் வானியலாளர் பிரம்மகுப்தர் அக்கருத்தை மறுத்தார், பிற்கால உரையாசிரியர் சிலர் அதற்கு வேறு பொருள் கூறி மழுப்பினர். இந்த எதிர்ப்பை நான் மிக வலுவான சான்றாகக் கருதுகிறேன்: ஆரியபட்டர் உண்மையாகவே பூமி சுழல்கிறது என்று சொன்னதால்தான் அவர்கள் மறுக்க வேண்டியிருந்தது.

கேரளத்துக் கணிதவியலாளர் மாதவரின் நிலை இன்னும் உறுதியானது. ஏறத்தாழ 1340 முதல் 1425 வரை வாழ்ந்த அவருக்கு உரியதாகப் பின்வந்த மாணவர் மரபு குறிப்பிடும், பையின் (π) மதிப்பைத் தரும் முடிவிலித் தொடரை, ஐரோப்பாவில் லைப்னிட்ஸ் 1670களில்தான் கண்டார். 1530ஐ ஒட்டி ஜ்யேஷ்டதேவர் மலையாளத்தில் எழுதிய யுக்திபாஷா, அத்தொடர் ஏன் சரி என்பதற்கான நிறுவலை முழுமையாகத் தருகிறது. இங்கே எந்த அலகையும் நாமாகத் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை. இத்தகைய சாதனை பொதுமக்களிடம் அறியப்படாமல் கிடக்க, சாயணரின் எண் மட்டும் ஊரெல்லாம் சுற்றிவருவது பெரும் அநீதி.

கணாதரின் வைசேஷிகத் தத்துவம் சொல்லும் பரமாணுவைத் தேறியவற்றுக்கும் தோற்றவற்றுக்கும் இடையில் வைக்கலாம். பொருளைப் பிரித்துக்கொண்டே போவது ஓரிடத்தில் நிற்க வேண்டும் என்ற அதன் வாதம் ஆழமான தத்துவம். ஆனால் நிலம், நீர், தீ, காற்று என்ற நால்வகை அணுக்களுக்கும் வேதியியலாளர் டால்டன் எடைவிகிதங்களிலிருந்து பெற்ற அணுக்களுக்கும் பெயரளவில்தான் உறவு.

கடைசியாக, தாக்கத்தையும் முன்னறிவையும் வேறுபடுத்துங்கள். குவாண்டம் இயற்பியலாளர் ஷ்ரோடிங்கர் உபநிடதங்களை விரும்பிப் படித்தவர், அத்வைதத்தில் மனம் தோய்ந்தவர் என்பது உண்மை. ஆனால் அவருடைய 1926ஆம் ஆண்டுச் சமன்பாடு, டி பிராய் முன்வைத்த பொருளலைக் கருத்தையும் ஹாமில்டனின் இயக்கவியலையும் அடித்தளமாகக் கொண்டது.

சோதித்து முடித்தபின் முடிவை எழுதும்போது, "கண்டறிந்தார்", "வாதிட்டார்", "கற்பனை செய்தார்", "நமக்கு ஒப்புமை தோன்றுகிறது" என்ற நான்கில் எது பொருந்துமோ அதை மட்டும் பயன்படுத்துங்கள். தமிழ் மூலங்களுக்கு மதுரைத் திட்டமும் தமிழ் இணையக் கல்விக்கழகமும் இணையத்தில் இலவசமாக உதவுகின்றன. உரை தேவைப்பட்டால், பேரண்டத்தைப் பற்றிய இன்றைய கருத்துகள் தோன்றுவதற்கு முன் எழுதப்பட்ட ஓர் உரையையாவது சேர்த்துப் பாருங்கள். நாம் இன்று அந்த அடியில் காண்பதை அவ்வுரையாசிரியரும் கண்டாரா என்பது அதில் தெரிந்துவிடும்.