ஊட்டிப் பக்கம் பனிக்காலத்துல தோட்டம், மாடு, வீடு: சாயங்காலத்துக்குள்ள முடிக்க வேண்டிய வேலைங்க

நீலகிரில நிலம் வாங்கி புதுசா குடி வர்றவங்க நிறைய பேர் கேக்குறது, பனிக்காலத்துல காலைல எத்தனை மணிக்கு எழுந்திருக்கணும்னு. காலைல எழுந்து பெருசா ஒண்ணும் பண்ண முடியாதுங்க. உறைபனிக்கான வேலை எல்லாம் முந்தின நாள் மத்தியானத்துல இருந்து பொழுது சாயறதுக்குள்ள முடிஞ்சிருக்கணும், விடிஞ்சு பாக்கும்போது இலை வெள்ளையா இருந்தா அப்புறம் மிச்சத்தை காப்பாத்துற வேலை மட்டும்தான்.

பொதுவா நவம்பர்ல ஆரம்பிச்சு பிப்ரவரி வரைக்கும் இந்த பயம் இருக்கும். முதல்ல நீர்ப்பனி விழும், அது செடிய பெருசா ஒண்ணும் பண்ணாது, வடகிழக்கு பருவமழை ஓய்ஞ்சு வானம் தெளிஞ்ச பிறகு வர்ற உறைபனிதான் ஆள கவுக்கும். ஊட்டி டவுன்லயே 0 டிகிரி வரைக்கும் இறங்குற ராத்திரி உண்டு, தலைகுந்தா, அவலாஞ்சி மாதிரி பள்ளமும் புல்வெளியுமா இருக்கிற இடத்துல அதுக்கும் கீழ போகும். குன்னூர், கோத்தகிரி பக்கம் உயரம் கம்மிங்கறதால பயமும் கம்மிதான், ஆனா அங்கயும் ஓடைய ஒட்டின பள்ளத்துல தேயிலை கருகுறத பாக்கலாம்.

வானத்த பாக்க கத்துக்கோங்க

சாயங்காலம் மேகம் சுத்தமா இல்ல, காத்து அசையல, நட்சத்திரம் பளிச்சுனு தெரியுதுன்னா அன்னைக்கு ராத்திரி உறைபனி விழும்னு வெச்சுக்கோங்க. பகல்ல மண்ணு வாங்கி வெச்ச சூடு ராத்திரி மேல போகும், மேகம் இருந்தா அது ஒரு கம்பளி மாதிரி அந்த சூட்ட கீழயே நிறுத்தி வைக்கும், மேகம் இல்லன்னா மொத்தமும் போயிடும். வங்கக்கடல்ல புயல் சின்னம் இருந்து இங்க மேகம் மூடிக்கிட்டு இருந்தா அந்த ராத்திரி நிம்மதியா தூங்கலாம்.

இன்னொண்ணு, குளிர்ந்த காத்து கனமானது, தண்ணி மாதிரியே சரிவுல இறங்கி பள்ளத்துல போய் தேங்கும். அதனால ஒரே தோட்டத்துல மேல் பாத்தி பச்சையாவும் கீழ் பாத்தி கருகியும் இருக்கும். கீழ் ஓரத்துல நெருக்கமா வேலி செடி வெச்சிருந்தீங்கன்னா அது அணை கட்டின மாதிரி குளிர்ந்த காத்த உள்ளயே நிறுத்திடும், அங்கங்க இடைவெளி விட்டு வெட்டி வழி பண்ணி விடுங்க. இது ஒரு நாள் வேலைதான், ஆனா வருஷா வருஷம் பலன் தரும்.

தோட்டத்துல மத்தியானம் பண்றது

மண்ணு ஈரமா இருந்தா சூட்ட நல்லா பிடிச்சு வெச்சுக்கும், காஞ்ச மண்ணுக்கு அது முடியாது. அதனால மத்தியானம் ரெண்டு மணிக்குள்ள தண்ணி பாய்ச்சிடுங்க, அதுவும் மண்ணுக்கு மட்டும், இலை நனைஞ்சிருந்தா பொழுது சாயறதுக்குள்ள காஞ்சிடணும். உறைபனி எதிர்பாக்குற வாரத்துல களைக்கொத்து போட்டு மண்ண கிளறாதீங்க, பொலபொலன்னு இருக்கிற மண்ணுக்குள்ள காத்து புகுந்து சூடு ஏற விடாது. யூரியாவும் இந்த சமயத்துல வேண்டாம், இளந்தளிர் தள்ளும், பனி முதல்ல எரிக்கிறது அதத்தான்.

எத மூடணும் எத விடலாம்னு தெரிஞ்சா பாதி வேலை குறையும். உருளைக்கிழங்கு, பீன்ஸ், தக்காளி, பூச்செடி நாத்து எல்லாம் ஒரு ராத்திரி கூட தாங்காது. கேரட், முட்டைக்கோஸ் கொஞ்சம் தாங்கும், கேரட்டுக்கு மேல இருக்கிற தழை கருகினாலும் கிழங்கு மண்ணுக்குள்ள பத்திரமா இருக்கும். தேயிலைல இளம் கன்னும் பள்ளத்துல இருக்கிற செடியும்தான் முக்கியம். அந்த இடத்துல பனிக்கு முன்னாடி கவாத்து, அதாவது கிளைய வெட்டி விடுறது, பண்ணாதீங்க, வர்ற துளிர் எல்லாம் போயிடும்.

மூடுறதுக்கு இங்க காலங்காலமா தாகைங்கற காட்டுச் செடிய வெட்டி தேயிலை மேல பரப்புவாங்க. ஊட்டி தாவரவியல் பூங்கால பூச்செடிங்கள கோத்தகிரி மிலார்ங்கற செடிய வெச்சு மூடுறத பாத்திருப்பீங்க. காய்கறிக்கு பழைய கோணி சாக்கு, நிழல் வலை போதும். பிளாஸ்டிக் ஷீட் மட்டும் இலைய தொடுற மாதிரி போடாதீங்க, தொடுற இடமெல்லாம் எரியும், வேற வழியே இல்லன்னா குச்சி நட்டு அதுக்கு மேல போடுங்க. நாலு மணி வாக்குல மூடினா மண்ணோட சூடும் உள்ள மாட்டிக்கும், இருட்டின பிறகு மூடினா குளிரத்தான் உள்ள வெச்சு மூடுறோம். மூடி தரைவரைக்கும் வரணும், செடியோட தண்டுல சுத்தி கட்டினா மண்ணு சூடு வெளியே போயிடும்.

காலைல வெயில் நேரா படுறதுக்கு முன்னாடி ஸ்பிரிங்ளர் போட்டு பனிய கழுவுறது நல்ல வழிதான், பனி வேகமா உருகுற போதுதான் இலை அதிகமா கெடுது. ஆனா ஆரம்பிச்சா ஐஸ் முழுக்க உருகற வரைக்கும் நிறுத்தக் கூடாது, பாதில மோட்டார நிறுத்தினா ஈரம் ஆவியாகி இன்னும் குளிராயிடும், தண்ணி போதாதுன்னு தெரிஞ்சா ஆரம்பிக்காமலே இருக்கிறது மேல். வெயில் நல்லா ஏறினதும் சாக்க எடுத்து காய வைங்க.

கருகின கிளைய பாத்த உடனே வெட்ட கை போகும். பொறுத்துக்கோங்க. கருகினது அடியில இருக்கிறதுக்கு ஒரு மூடியா இருக்கும், பனி முழுசா முடிஞ்ச பிறகு உயிர் இருக்கிற கட்டை வரைக்கும் பாத்து வெட்டினா போதும்.

மாடு, கோழி

மாட்டுக்கு சூடு அது திங்கிற நார்த்தீவனத்துல இருந்துதான் வருது, வயித்துக்குள்ள அது செரிக்கும்போது உடம்பு சூடாகுது. அதனால சாயங்காலம் வைக்கோல தாராளமா போடுங்க. மேய்ச்சல் புல்லு பனில காஞ்சு போயிடும், வைக்கோல் லோடு கீழ சமவெளில இருந்து ஏறணும், அக்டோபர்லயே சொல்லி வெச்சு மழை படாத இடத்துல அடுக்கிடுங்க. தண்ணி ஐஸ் மாதிரி இருந்தா மாடு குடிக்காது, குடிக்கலன்னா பால் குறையும், வெதுவெதுப்பா குடுங்க. காலைல பனி ஈரத்தோட இருக்கிற புல்லுல அவுத்து விடாதீங்க, வெயில்ல காஞ்ச பிறகு விடலாம்.

கொட்டகைய காத்து அடிக்கிற பக்கம் சாக்கு கட்டி மறைங்க, ஆனா மேல கூரைக்கு கீழ காத்து போற வழிய அடைக்காதீங்க. நாலு பக்கமும் அடைச்சா மூத்திர நெடி உள்ளயே நிக்கும், கன்னுக்குட்டிக்கு சளி பிடிக்கிறது குளிர விட அதனாலதான் அதிகம். தரை காஞ்சிருக்கணும், காஞ்ச புல்ல தடிமனா பரப்பி ஈரமானத தினமும் எடுத்துடுங்க. மடிய வெந்நீர்ல கழுவினா ஒட்டத் துடைச்சு, கறந்த பிறகு காம்புல கொஞ்சம் எண்ணெய் தடவுங்க, இல்லன்னா வெடிச்சு ரத்தம் வரும், பாவம் வாயில்லா ஜீவன், உதைக்குதுன்னு அடிக்கிறவங்கள பாத்தா மனசு வலிக்கும்.

கோழிக்கும் இதே கணக்குதான், கீழ மரத்தூள் காஞ்சதா, மேல காத்து வழி. குஞ்சுக்கு பல்பு போட்டா கயித்துல கட்டாம கம்பில கட்டுங்க, மரத்தூள்ல விழுந்தா தீ பிடிக்கும். பொழுது சாயறதுக்குள்ள கன்னு, நாய், கோழி எல்லாத்தையும் உள்ள விட்டு தாழ்ப்பாள் போட்டுடணும், சிறுத்தை வர்ற ஊரு இது. பனில காட்டுப் புல்லு காஞ்சா காட்டெருமையும் பச்சைய தேடி தோட்டத்துக்குள்ள இறங்கும், விடியக்காலைல டார்ச் இல்லாம பாத்திக்கு போகாதீங்க.

வீட்டுக்குள்ள

விறகு சீகையோ (வாட்டில் மரம்) கற்பூர மரமோ (யூகலிப்டஸ்), மழைக்கு முன்னாடியே பொளந்து ஓட்டுக்கு அடியில அடுக்கியிருந்தாதான் டிசம்பர்ல புகையாம எரியும். சொந்த நிலத்து மரம்னாலும் இங்க நினைச்ச உடனே வெட்ட முடியாது, மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்பு சட்டம் 1955-ல இருந்தே இருக்கு, அனுமதி வாங்கணும்.

இத ரொம்ப கெஞ்சி சொல்றேன், அடுப்புக்கரிய சட்டில போட்டு பெட்ரூம்ல வெச்சு கதவ சாத்திட்டு தூங்காதீங்க. அதுல இருந்து வர்ற கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையும் கிடையாது, நிறமும் கிடையாது, தூங்கினவங்க எழுந்திருக்கவே மாட்டாங்க. கணப்பு மூட்டி எல்லாரும் சுத்தி உக்காந்து குளிர் காயுங்க, ஒரு ஜன்னல் திறந்திருக்கட்டும், படுக்கும்போது வெளியே எடுத்து வெச்சிடுங்க.

தோசை மாவு புளிக்கலன்னு நிறைய பேர் சோடா போடுறாங்க, தேவையில்ல, வெந்நீர் இருக்கிற அகல பாத்திரத்துக்குள்ள மாவு பாத்திரத்த வெச்சு போர்வைய சுத்தி அடுப்பு மேடை ஓரமா விட்டா காலைல பொங்கியிருக்கும். தயிருக்கும் அப்படித்தான், பால் கொஞ்சம் கூடுதல் சூடா இருக்கும்போதே உறை ஊத்துங்க. துணி காயிறது பத்துல இருந்து மூணு மணி வரைக்கும்தான், அதுக்கப்புறம் கொடியில விட்டா மறுபடி ஈரமாயிடும். தோட்டத்துல மேலாக போற ஹோஸ் பைப்ல ராத்திரி தண்ணி நிக்க விடாதீங்க, வடிச்சிட்டு சுருட்டி வைங்க.

ஜனவரி முடியறப்ப நீர்போகத்துக்கு, அதாவது தண்ணி பாய்ச்சி பண்ற போகத்துக்கு, உருளை நடுற வேலை வந்துடும், அது ஒரு பக்கம் இருக்கட்டும், அதுக்கும் முன்னாடி வீட்டையும் கொட்டகையையும் சுத்தி காஞ்ச புல்ல பத்தடி அகலத்துக்காவது வழிச்சு எடுத்துடுங்க. உறைபனி எரிச்ச புல்லு பிப்ரவரி, மார்ச் வெயில்ல ஒரு பீடி நெருப்புக்கே பத்திக்கும். வழிச்ச புல்ல அங்கயே கொளுத்தாதீங்க, எரு குழில போட்டு சாணித் தண்ணி தெளிச்சு மண்ண மூடி விட்டீங்கன்னா அடுத்த போகத்துக்கு உரமாயிடும்.