போத்தல் தீர்மானிக்கும் அளவு: எஸ்.எல்.வி-3 ஏவூர்தியின் பறக்கும் மாதிரியைச் செய்தல்

ஏவூர்தி ஒன்றின் அளவுமாதிரியைச் செய்ய விரும்புகிறவர்கள் பெரும்பாலும் முதலில் அளவுவிகிதத்தைத் தீர்மானித்துவிட்டு, அதற்குப் பொருந்தும் குழாயைத் தேடி அலைவார்கள். யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு அந்த ஒழுங்கில் தொடங்கினால் தேடல் மட்டுமே மிஞ்சும். மாதிரி ஏவூர்திகளுக்கென்று தயாரிக்கப்படும் திண்ம எரிபொருள் இயந்திரங்களை எங்கள் பக்கத்துக் கடைகளில் நான் கண்டதில்லை. வெடிமருந்தை வீட்டில் கலப்பதோ சட்டத்துக்கும் புத்திக்கும் ஒவ்வாத வேலை. ஆகவே நீரும் அழுத்திய காற்றுமே நமது எரிபொருள், ஒன்றரை லீற்றர் சோடாப் போத்தலே நமது இயந்திரம். அந்தப் போத்தலின் விட்டத்தை அளந்த பிறகுதான் வேறெதையும் தீர்மானிக்க முடியும்.

போத்தலின் நேரான பகுதியில் ஒரு கடதாசிப் பட்டியைச் சுற்றி அளந்து, கிடைக்கும் நீளத்தை 3.14 ஆல் வகுத்தால் விட்டம் வரும். நான் பயன்படுத்திய போத்தலில் அது 88 மில்லிமீற்றர்; மேலே மட்டைச் சுவர் ஏறியதும் 91 ஆகிறது. இந்தியாவின் எஸ்.எல்.வி-3 ஏவூர்தியில் முதற்படியின், அதாவது ஒன்றன்பின் ஒன்றாக எரியும் பகுதிகளில் அடியிலுள்ளதன், விட்டம் 1 மீற்றர், முழு உயரம் 22 மீற்றர். 1000 ஐ 91 ஆல் வகுத்தால் 11 என்று விழுகிறது. 22 மீற்றரை 11 ஆல் வகுத்தால் சரியாக 2 மீற்றர். இவ்வளவு இசைவாக எண்கள் வந்து பொருந்துவது அபூர்வம்.

இரண்டாம் உலகப் போரில் ஜேர்மனி ஏவிய வி-2 ஏவுகணை இதைவிட இலகுவானது என்பதை ஒப்புக்கொள்ளவேண்டும். 14 மீற்றர் நீளமும் 1.65 மீற்றர் விட்டமும் கொண்ட அதை 18 இல் ஒரு பங்காகக் குறைத்தால் இதே போத்தல் பொருந்தும். அதன் பெரிய சிறகுகள் பறப்பையும் எளிதாக்கும். ஆனால் அது ஊர்களின் மேல் விழுவதற்கென்றே செய்யப்பட்ட பொருள், அந்த உருவத்தை எங்கள் வானத்தில் ஏற்ற எனக்கு மனம் வரவில்லை. எஸ்.எல்.வி-3 அப்படியல்ல. கடலுக்கு அப்பால் இராமேசுவரத்தில் பிறந்த அப்துல் கலாம் திட்ட இயக்குநராக இருந்து உருவாக்கிய இந்த நான்கு படி ஏவூர்தி, 1980 யூலை 18 ஆம் திகதி ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ரோகிணி செய்மதியைச் சுற்றுப்பாதையில் சேர்த்தது.

போத்தலைத் தெரிவுசெய்யும்போது வாயு நிரப்பிய பானத்தின் போத்தலையே எடுக்கவேண்டும். குடிநீர்ப் போத்தலின் சுவர் மெல்லியது, அழுத்தம் தாங்காது. கீறல் விழுந்ததும் வெயிலில் கிடந்ததும் வேண்டாம். வேலையைத் தொடங்குமுன் போத்தலை விளிம்புவரை நீரால் நிரப்பி, ஏவுதளத்தில் பொருத்தி, சதுர அங்குலத்துக்கு 90 இறாத்தல் அழுத்தம்வரை பம்பினால் ஏற்றிப் பார்க்கவேண்டும். நீர் அமுங்காத பொருளாகையால், போத்தல் வெடித்தாலும் கால் நனைவதோடு போய்விடும். காற்று நிரம்பிய நிலையில் அதே வெடிப்பு ஆபத்தானது.

அடுத்தது உடற்சுவர். புத்தகக் கடைகளில் கிடைக்கும் பிறிஸ்டல் மட்டையைப் போத்தலின் மேலேயே சுற்றி இரண்டு அடுக்காக ஒட்டுவதுதான் எவருக்கும் முதலில் தோன்றும் வழி. நானும் அப்படித்தான் செய்தேன். மரப்பசை பூசி இறுக்கமாகச் சுற்றி, மை தீட்டி, இரண்டு வாரம் பாடுபட்ட மாதிரி, ஏவுதளத்தில் 50 இறாத்தலைத் தொட்டபோது சீலை கிழிவதுபோல ஒரு சத்தத்துடன் மூட்டு நெடுக விரிந்தது. அழுத்தம் ஏறும்போது போத்தல் சற்றே பருக்கிறது என்பதை அப்போதுதான் அறிந்தேன். இப்போது போத்தலின் மேல் இரண்டு மூன்று சுற்றுப் பத்திரிகைத்தாளைச் சுற்றிவிட்டு அதன்மேல் மட்டையை ஒட்டுகிறேன். காய்ந்ததும் தாளை உருவி எடுத்துவிட்டால் போத்தலுக்கும் சுவருக்கும் இடையில் சிறிய இடைவெளி நிற்கும். போத்தலைச் சுவருடன் ஒட்டுவதே இல்லை. கழுத்துக் கீழ்நோக்கியிருக்க அது உள்ளே நிற்கிறது. அதன் மறுமுனைக்கு மேல், சுவரின் உட்புறத்தில் ஒட்டிய தடித்த மட்டை வளையமொன்று அதன் உந்துதலை உடலுக்குக் கடத்துகிறது.

முதற்படியின் நீளம் ஏறக்குறைய 10 மீற்றர் என்பதால் மாதிரியில் 91 சென்ரிமீற்றர் வரும். ஒரு மட்டை போதாது. இரண்டு துண்டுகளை இணைக்கும்போது உள்ளடுக்கின் மூட்டும் வெளியடுக்கின் மூட்டும் ஒரே இடத்தில் விழாமல் பார்த்துக்கொள்ளவேண்டும். இரண்டாம் படியின் விட்டம் 0.8 மீற்றர், அதாவது நமக்கு 73 மில்லிமீற்றர். இரண்டு அங்குல எஸ்லோன் (பி.வி.சி) குழாயில் பத்திரிகைத்தாளைச் சுற்றிச் சுற்றி 72 மில்லிமீற்றர்வரை தடிப்பித்தால் அதற்குரிய அச்சு கிடைத்துவிடும். எஞ்சிய அளவுகளைத் தெளிவான பக்கத்தோற்றப் படமொன்றில் அடிமட்டம் வைத்து, முதற்படியின் அகலத்தை 1 மீற்றராகக் கொண்டு கணக்கிடலாம். நிறங்களுக்கும் ஒரே பறப்பின் படத்தைப் பின்பற்றுவது நல்லது. நான்கு படங்களிலிருந்து நான்கு கோடுகளை எடுத்துச் சேர்த்தால் எங்கும் பறக்காத ஏவூர்தி ஒன்றுதான் உருவாகும்.

இரண்டு விட்டங்களையும் இணைக்கும் கூம்புத் துண்டில் பலர் தடுமாறுகிறார்கள். அதன் உயரம் 40 மில்லிமீற்றர் என்று வைத்துக்கொள்வோம். ஆரைகள் 45.5, 36.5, வித்தியாசம் 9. சாய்வு நீளம் 41 ஆகும். 41 ஐ 45.5 ஆல் பெருக்கி 9 ஆல் வகுத்தால் 207 வருகிறது. கவராயத்தால் 207 மில்லிமீற்றர் ஆரையில் ஒரு வில்லும், அதே மையத்திலிருந்து 166 மில்லிமீற்றர் ஆரையில் இன்னொரு வில்லும் வரைந்து, 79 பாகைக்கு வெட்டி, ஒட்டுவதற்கு ஒரு விரல் அகலம் கூட விட்டால் துண்டு கச்சிதமாக அமரும்.

மூக்கை ரெஜிபோம் என்ற இலேசான வெண்ணுரைப் பலகையில் வெட்டி மண்கடதாசியால் தேய்த்து எடுக்கலாம். அதனுள் பாரம் வைக்கவேண்டி வரும். கரையோரத்தில் எளிதாகக் கிடைக்கும் வலைக்குண்டு ஈயத்தைத் தயவுசெய்து போடவேண்டாம். தலைக்கு மேல் வரும் பொருளின் முனை மென்மையாகவே இருக்கவேண்டும். பிளாஸ்ரிசீன் போதும்.

எவ்வளவு பாரம் என்பதை இனிப் பார்க்கவேண்டும். உண்மையான எஸ்.எல்.வி-3 பறக்கும்போதே தன் திசையைத் திருத்திக்கொள்ளும் அமைப்புகளைக் கொண்டிருந்தது. இரண்டாம் படியின் அத்தகைய அமைப்பில் நேர்ந்த கோளாறுதான் 1979 ஓகஸ்ட் 10 ஆம் திகதிய முதற் பறப்பை வங்கக் கடலில் முடித்துவைத்தது. நமது மாதிரிக்கு அப்படியொரு மூளை கிடையாது. அடியிலுள்ள நான்கு சிறகுகளும் மூக்கின் பாரமுமே அதை நேராக வைத்திருக்கவேண்டும். மாதிரியின் பக்கத்தோற்றத்தைச் சிறிய அளவில் மட்டையில் வெட்டி, அடிமட்டத்தின் விளிம்பில் சமநிலைப்படுத்தி, அந்தப் புள்ளியை மாதிரியில் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு நீரில்லாத மாதிரியையே, வான்குடையும் பாரமும் உள்ளிருக்க, ஒரு கயிற்றில் கிடையாகத் தொங்கவிட்டு அதன் ஈர்ப்பு மையத்தைக் காணுங்கள். ஈர்ப்பு மையம் முதற் புள்ளியைவிட ஒரு விட்டமாவது, அதாவது 91 மில்லிமீற்றராவது, மூக்குப் பக்கமாக இருக்கவேண்டும். இல்லையெனில் பாரத்தைக் கூட்டலாம். அல்லது இன்னொரு போத்தலில் வெட்டிய தெளிந்த பிளாஸ்ரிக் தகடுகளைச் சிறகுகளோடு சேர்த்து அவற்றை அகலப்படுத்தலாம். பத்தடி தூரத்தில் அவை கண்ணுக்குத் தெரியா, தோற்றமும் கெடாது. பாரத்தைவிட இதையே நான் விரும்புகிறேன், ஏனெனில் நீரைத் தவிர்த்த மொத்த எடை 300 கிராமைத் தாண்டினால் உயரம் வெகுவாகக் குறைந்துவிடும்.

மூக்கு வெறுமனே செருகப்பட்டிருக்கவேண்டும். மாதிரியைத் தலைகீழாகப் பிடித்தால் அது தன் எடையாலேயே கழன்று விழவேண்டும், நிமிர்ந்து நிற்கையில் இலேசாக அசைத்தால் விழக்கூடாது. உச்சியில் வேகம் தணிந்து மாதிரி கவிழும்போது மூக்கு விலகி, சொப்பிங் பையிலிருந்து வெட்டிய 75 சென்ரிமீற்றர் வான்குடையை இழுத்து வெளியேற்றும்.

ஏவுதளத்துக்கு அரை அங்குல எஸ்லோன் குழாய் போதும். அது போத்தலின் வாய்க்குள் ஏறக்குறைய இறுக்கமாக நுழையும். குழாயில் ஒரு ரப்பர் வளையம் காற்றை அடைக்க, சுற்றிவரக் கட்டிய கேபிள் ரைகளின் தலைகள் போத்தற் கழுத்தின் விளிம்பைக் கவ்வ, அவற்றின்மேல் ஏற்றிய பெரிய குழாய்த் துண்டு கவ்வலை இறுக்கி வைத்திருக்கும். பத்து மீற்றர் கயிற்றால் அத்துண்டைக் கீழே இழுத்தால் மாதிரி விடுபடும்.

தை மாதத்து வாடைக்காற்று பட்டத்துக்கு உகந்தது, இரண்டு மீற்றர் உயரமான கடதாசி உருவத்துக்கு அல்ல. மேலும் அப்போது வல்வெட்டித்துறை முதற்கொண்டு எங்கும் வானம் நூலால் நிறைந்திருக்கும். அறுவடை முடிந்த வயலில், மாசி பங்குனி மாதத்து விடியற்காலையே தகுந்த வேளை. பலாலி விமான நிலையத்துக்கு அண்மையில் ஏவக்கூடாது. அயலாருக்கும் கிராம அலுவலருக்கும் முதல்நாளே சொல்லிவிடுங்கள். 'ரொக்கெற்' என்ற சொல்லை எங்கள் ஊரில் எல்லோரும் ஒரே மாதிரிக் கேட்பதில்லை. போத்தலில் மூன்றிலொரு பங்கு, அரை லீற்றர் நீர்; அழுத்தம் 60 இறாத்தலுக்கு மேல் வேண்டாம். காற்று ஏறியபின் எவரும் அதன்மேல் குனியக்கூடாது. ஏவ முடியாமற் போனால் கயிற்றை இழுத்தோ பம்பின் பக்கமாகக் காற்றைத் திறந்தோதான் அழுத்தத்தை இறக்கவேண்டும்.

இறங்கியதும் போத்தலை உருவி எடுத்து, உடலை நிழலில் தொங்கவிட்டு உலர்த்துங்கள். சுவரின் அடிப்பகுதிக்கு உள்ளும் புறமும் வார்னிஷ் பூசியிருந்தால் நீர் ஊறாது. போத்தலின் கழுத்தருகே வெண்மையான கோடு தென்பட்டால் அதற்கு அன்றோடு ஓய்வு. உடல் அப்படியே இருக்க, அடுத்த போத்தலை அதே இடத்தில் செருகிக்கொள்ளலாம்.