புதிய ஹொக்கி அணிக்கு நிலைத்த ரசிகர்களைத் திரட்டுவது எப்படி? யாழ்ப்பாணக் கல்லூரிகளுக்கு ஒரு வழிகாட்டி

யாழ்ப்பாணத்தில் ஒரு கல்லூரி புதிதாக ஹொக்கி அணியைத் தொடங்கும்போது, அதிபரும் உடற்கல்வி ஆசிரியரும் முதலில் யோசிப்பது மட்டை, பந்து, பயிற்றுநர், மைதானம் ஆகியவற்றைப் பற்றித்தான். பார்க்க யார் வருவார்கள் என்ற கேள்வி பெரும்பாலும் முதற் போட்டி நாளன்றுதான் எழுகிறது. அன்று எல்லைக் கோட்டுக்கு வெளியே மாற்று வீரர்களும், இரண்டு மூன்று பெற்றோரும், மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு மதிலுக்கு மேலால் எட்டிப் பார்க்கும் ஓரிருவரும் மட்டுமே நிற்பார்கள். துடுப்பாட்டத்திலும் உதைபந்தாட்டத்திலும் ஊறிப்போன இந்த ஊரில் ஹொக்கிக்கென்று நிலைத்த ரசிகர்கள் உருவாக முடியுமா என்று கேட்டால், முடியும் என்றே உறுதியாகச் சொல்வேன். அதற்கு வெற்றிக் கிண்ணங்களைக் காட்டிலும், ஆண்டுதோறும் மாறாத ஒரு நாளும் மாறாத ஓர் எதிரணியும்தான் முதலில் தேவை.

இதற்கான சான்று நம் கண்முன்னே இருக்கிறது. யாழ்ப்பாணம் மத்திய கல்லூரிக்கும் சென் ஜோன்ஸ் கல்லூரிக்கும் இடையிலான துடுப்பாட்டப் போட்டி 1904ஆம் ஆண்டிலிருந்து நடந்து வருகிறது. போரினால் இடையிடையே தடைப்பட்டும் அது அறுந்துபோகவில்லை. இவ்வாண்டு எந்த அணி பலமானது என்று கணக்குப் பார்த்துவிட்டு, வடக்கின் பெருஞ்சமர் எனப்படும் இப்போட்டிக்குப் போகிறவர் மிகச் சிலரே. மார்ச் மாதம் வந்தால் பழைய மாணவர் வருவார்கள், பாண்ட் முழங்கும், கூடப் படித்தவனை மைதானத்தில் சந்திக்கலாம் என்று தெரிந்துதான் ஆட்கள் போகிறார்கள். அமெரிக்காவின் பொஸ்டன் நகரிலும் இதே கதைதான். அங்கே பொஸ்டன் கல்லூரி, பொஸ்டன் பல்கலைக்கழகம், ஹார்வர்ட், நோர்த்ஈஸ்டர்ன் ஆகிய நான்கும் ‘பீன்பொட்’ என்ற பனி ஹொக்கிச் சுற்றை 1952இல் தொடங்கின. இப்போது பெப்ரவரியின் முதல் இரு திங்கட்கிழமைகள் அதற்கென்றே ஒதுக்கப்பட்டவை. அந்த இரு மாலைகளில் தனக்கு எங்கே வேலை என்பது அந்நகர மாணவனுக்கு யாரும் சொல்லாமலே தெரியும்.

ஆகவே செய்ய வேண்டிய முதல் வேலை, ஓர் எதிரணியைத் தெரிந்துகொண்டு அதன் அதிபருடன் பேசி, குறைந்தது ஐந்து ஆண்டுகளுக்கு ஒரே கிழமையில் ஒரே போட்டி என்று எழுத்தில் ஒப்புக்கொள்வது. மிகப் பலமான அணியைத் தெரிந்தெடுப்பதில் பயனில்லை. பக்கத்தில் இருக்கும், ஏறத்தாழச் சம பலமுள்ள, இரு பாடசாலைப் பிள்ளைகளும் ஒரே ரியூசன் கொட்டிலில் அருகருகே அமரும் கல்லூரியே பொருத்தமானது. போட்டிக்கு முதல் நாளும் மறுநாளும் வாய்ச்சண்டை நடக்க வேண்டுமென்றால் இரு தரப்பும் ஒருவரையொருவர் அன்றாடம் காண வேண்டும். தூரத்திலுள்ள பெயர்பெற்ற அணியை அழைத்து எட்டுக்குப் பூச்சியம் என்று தோற்பதால் பயிற்சி கிடைக்கலாம். மைதானத்துக்கு வந்தவர் அடுத்த ஆண்டும் வருவார் என்று எதிர்பார்க்க முடியாது.

நாளைத் தெரிந்தெடுப்பதற்கு நம்மூர் நாட்காட்டியை விரித்து வைத்துக்கொண்டு பொறுமையாக யோசிக்க வேண்டும். தைப்பொங்கல் கழிந்தவுடன் இல்ல மெய்வல்லுநர் போட்டிகள் தொடங்கிவிடும். மார்ச்சில் துடுப்பாட்டச் சமர்கள் எல்லாரையும் இழுத்துக்கொள்ளும். ஆடி அமாவாசைக்குப் பின் நல்லூரில் கொடியேறினால் 25 நாட்களுக்கு ஊர் முழுவதும் அங்கேதான். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் மழை வெள்ளம் நிற்பதால் ஹொக்கிப் பந்து உருளவே உருளாது. இவற்றைக் கழித்தால் மிஞ்சுவது இரண்டாம் தவணையின் முற்பகுதி. ஜூன் மாதத்தின் ஒரு சனிக்கிழமை பிற்பகலே என் தெரிவு. அப்போது சோளகக் காற்று வீசும், புழுதி கிளம்பும் என்பது உண்மைதான். முதல் நாள் மாலை தண்ணீர் விசிறி ரோலர் உருட்டினால் புழுதியும் அடங்கும், மேடு பள்ளத்தில் பந்து துள்ளுவதும் குறையும். சனிக்கிழமை ரியூசன் வகுப்புகள் இருப்பதால், வகுப்பு நடத்தும் ஆசிரியர்களிடம் ஒரு மாதத்துக்கு முன்பே நேரில் போய், அந்த ஒரு பிற்பகலை மட்டும் விட்டுத்தரும்படி கேட்க வேண்டும். கடிதம் அனுப்பினால் அது மேசையிலேயே கிடக்கும்.

ஒரு பெரும் போட்டி மட்டும் போதுமா என்றால் போதாது. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் ஹன்ட்ஸ்வில் பல்கலைக்கழகத்தின் பனி ஹொக்கி அணிக்கு நேர்ந்ததை இங்கு நினைவில் வைக்க வேண்டும். 2020இல் அந்த அணியை மூடுவதாக அறிவித்தபோது ஆதரவாளர்களும் பழைய வீரர்களும் சில நாட்களுக்குள் பெருந்தொகை திரட்டி முடிவை மாற்ற வைத்தார்கள். ஆனால் சேர்ந்து விளையாட ஒரு லீக் கிடைக்காததால் 2021இல் அணி நிறுத்தப்பட்டது. ரசிகரின் அன்பில் அங்கே குறை இருக்கவில்லை. ஒழுங்காக மோதுவதற்கு எதிரணிகள் இல்லாததே குறை. நம் நாட்டில் மாத்தளை ஹொக்கிக்குப் பெயர்பெற்றிருப்பதையும் இதனோடு சேர்த்துப் பார்க்கலாம்: அங்கே ஒரே நகரத்துக்குள் பல பாடசாலைகள் ஹொக்கி ஆடுகின்றன. எனவே ஒரு கல்லூரி தனக்கு அணி தொடங்கும்போதே அயலில் இன்னும் மூன்று பாடசாலைகளைத் தொடங்கத் தூண்ட வேண்டும். பழைய மட்டைகளைக் கொடுப்பதும், பயிற்றுநரை வாரத்தில் ஒரு நாள் அனுப்புவதும் தன் அணிக்குச் செய்யும் நன்மையே. நான்கு பாடசாலைகள் சேர்ந்தால் ஒரு சிறு சுற்றுப்போட்டியை நடத்திவிடலாம்.

கூட்டத்தை எங்கே நிறுத்துவது என்பதை நம் அமைப்பாளர்கள் கவனிப்பதே இல்லை. ஹொக்கி மைதானம் 91.4 மீற்றர் நீளமும் 55 மீற்றர் அகலமும் கொண்டது. முந்நூறு பேர் அதைச் சுற்றிச் சிதறி நின்றால் வெறிச்சோடியதாகவே தோன்றும். அதே முந்நூறு பேர் ஒரு பக்கக் கோட்டின் ஒரு பாதியில் நெருங்கி நின்றால் எழும் சத்தம் வீதி வரை கேட்கும். 2012–13 பருவத்தில் அமெரிக்கப் பல்கலைக்கழகப் பனி ஹொக்கியின் முதற்பிரிவுக்கு வந்த பென் ஸ்டேட் பல்கலைக்கழகம், மறு ஆண்டே திறந்த தன் அரங்கில் ஒரு முனையை மாணவருக்கென்று செங்குத்தான படிகளாகக் கட்டியது. பாலைவன மாநிலத்தின் அரிசோனா ஸ்டேட் பல்கலைக்கழகம் 2022இல் திறந்த அரங்கில் ஏறத்தாழ 5,000 இருக்கைகளே உள்ளன. நமக்கு அரங்கு தேவையில்லை, ஒரு கயிறு போதும். மைதானம் வடக்குத் தெற்காக இருந்தால் மேற்குப் பக்கத்தில் பார்வையாளரை நிறுத்த வேண்டும். மூன்றரை மணி வெயில் அவர்களின் முதுகில் படும், கண்ணில் அடிக்காது. அந்தப் பக்கத்தில் வேம்பு நின்றால் நல்லது, இல்லாவிட்டால் ஒரு தகரப் பந்தலாவது வேண்டும். ஒலிபெருக்கியைக் காற்று வரும் பக்கத்தில் கட்ட வேண்டும். கோல் கம்பங்களின் பின்னால் எவரையும், குறிப்பாகச் சிறுவர்களை, நிற்க விடக்கூடாது. ஹொக்கிப் பந்து 156 முதல் 163 கிராம் வரை எடையுள்ள கடினப் பந்து. குறி தவறி வரும் ஓர் அடி ஒரு பிள்ளையின் முகத்தில் பட்டால் அந்தக் குடும்பமும் அயலும் இனி அந்தப் பக்கம் வரமாட்டார்கள்.

எல்லாவற்றிலும் பயன் மிகுந்ததும், பலரும் விட்டுவிடுவதும், ஆட்டத்தை விளங்க வைக்கும் வேலைதான். உதைபந்தாட்டம் பார்த்து வளர்ந்தவர் ஹொக்கியைப் பார்க்கும்போது நடுவர் ஏன் அடிக்கடி விசில் ஊதுகிறார் என்பது விளங்காமல் சலித்துப் போகிறார். மட்டையின் உருண்ட பின்பக்கத்தால் பந்தைத் தொடக்கூடாது, களவீரரின் காலில் பட்டு அதனால் அவரது அணிக்குப் பயன் கிடைத்தால் தவறு, கோலுக்கு முன்னால் வரைந்த வட்டத்துக்கு வெளியிலிருந்து அடித்தது தாக்கும் வீரர் எவர் மட்டையிலும் உள்ளே படாமல் போனால் கோல் இல்லை, ஓஃப்சைட் என்பதே கிடையாது என்ற நான்கு செய்திகளைப் போட்டிக்கு முந்திய காலைப் பிரார்த்தனைக் கூட்டத்தில் ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடலாம். காக்கும் அணியின் தவறுக்குத் தண்டனையான பெனால்டி கோர்னரை மட்டும் மைதானத்திலேயே செய்து காட்ட வேண்டும். காக்கும் அணியில் கோல் காப்பாளரோடு சேர்த்து ஐந்து பேர் பின்கோட்டுக்குப் பின்னால் குனிந்து நிற்கிறார்கள். மிகுதி ஆறு பேரும் நடுக்கோட்டுக்கு அப்பால் அனுப்பப்படுகிறார்கள். கோல் கம்பத்திலிருந்து 10 மீற்றர் தள்ளித் தாக்கும் அணியின் ஒருவர் பந்தைத் தள்ளிவிட, வட்டத்துக்கு வெளியே இன்னொருவர் அதை மட்டையால் மறித்து நிறுத்த, அதே கணத்தில் ஐவரும் பாய்ந்து வர, மூன்றாமவர் ஓங்கி அடிக்கிறார். அந்த முதல் அடி 460 மில்லிமீற்றருக்கு மேல் உயர்ந்து கோட்டைக் கடந்தால் கோல் கிடையாது என்பதால் அது நிலத்தோடு ஒட்டி வந்து கோலின் அடிப்பலகையில் மோதுகிறது. அந்தப் பலகைச் சத்தத்தை ஒருமுறை பக்கத்தில் நின்று கேட்ட பிள்ளை, அடுத்த முறை நடுவர் கோர்னருக்குக் கையை நீட்டும்போதே எழுந்து நின்றுவிடும். அந்த எழுச்சியைப் பழக்கிவிட்டால் பாதி வேலை முடிந்தது. ஆட்டத்தின்போது ஒலிபெருக்கியில் பேசுகிறவரும் பேச்சாளராக இருப்பதைவிட ஹொக்கி தெரிந்தவராக இருக்க வேண்டும்; விசில் ஊதியவுடன் காரணத்தை ஒரே வசனத்தில் சொல்லிவிட்டு அவர் மௌனமாகிவிட வேண்டும்.

மாணவரை வகுப்பு வகுப்பாக வரிசையில் கொண்டுவந்து நிறுத்தும் வழக்கத்தை நான் முழுமையாக எதிர்க்கிறேன். இடாப்புப் பார்த்து நிறுத்தப்பட்ட பிள்ளை கைதட்டும். பாடசாலையை விட்டு விலகிய நாளோடு அந்தக் கைதட்டலும் நின்றுவிடும். அதற்குப் பதிலாக, ஆறாம் ஏழாம் தரப் பிள்ளைகளில் விருப்பமுள்ளவர்களுக்கு வேலை கொடுக்கலாம்: வெளியே போகும் பந்தை எடுத்துக் கொடுப்பது, கோல் எண்ணிக்கைப் பலகையை மாற்றுவது, நான்கு கால்பகுதிகளுக்கு இடையில் தண்ணீர் கொண்டு ஓடுவது. ஒரு பிள்ளைக்கு வேலை கிடைத்தால் அதன் தாயும் தகப்பனும் பார்க்க வருவார்கள். பெண்கள் அணி இருந்தால் அதன் போட்டியையும் அதே நாளில், அதே மைதானத்தில், முன்னோட்டம் என்ற பெயரில் ஒதுக்காமல் சம மதிப்போடு நடத்த வேண்டும். நீதி என்பது ஒருபுறமிருக்க, வரும் குடும்பங்களும் இரட்டிக்கும்.

வீரர்களின் ஊர்களை மறக்கக்கூடாது. இங்கே ஆதரவு பாடசாலை வாசலோடு முடிவதில்லை. சனசமூக நிலையமும் ஊர் விளையாட்டுக் கழகமும் அதைவிடப் பழைய பற்றுக்களைக் கொண்டவை. கோப்பாயிலிருந்தும் குருநகரிலிருந்தும் இரண்டிரண்டு பேர் அணியில் இருந்தால், அவர்களின் படத்தோடு கூடிய அறிவித்தலை அந்தந்த ஊர் வாசிகசாலையில் ஒட்ட வேண்டும். “எங்கட பெடியன் விளையாடுறான்” என்ற ஒரு சொல் செய்கிற வேலையை எந்த விளம்பரமும் செய்யாது. போட்டி முடிந்த அன்றே முடிவையும், கோல் போட்டவர்களின் பெயர்களையும், ஒரு தெளிவான படத்தையும் நாளிதழ்களுக்கு அனுப்புவது ஒருவரின் பொறுப்பாக இருக்கட்டும்.

புலம்பெயர்ந்த பழைய மாணவரிடம் எதைக் கேட்பது என்பதிலும் நிதானம் வேண்டும். பார்வையாளர் மண்டபம் கட்டித் தாருங்கள் என்று கேட்பதைக் காட்டிலும், காப்பாளரின் கவசங்கள், ஆண்டுக்கு வேண்டிய பந்துகள், பயிற்றுநரின் கொடுப்பனவு என்று ஆண்டுதோறும் திரும்பி வரும் சிறு செலவை ஒரு வகுப்பு நண்பர்கள் ஏற்பது அணியை நெடுநாள் தாங்கும். அதற்கு ஈடாக அவர்களுக்கு ஆட்டத்தைக் காட்ட வேண்டும். யாழ்ப்பாணத்தில் பிற்பகல் மூன்றரை மணி என்பது ஜூன் மாதத்தில் இலண்டனில் காலை பதினொன்று, ரொறன்ரோவில் காலை ஆறு. முக்காலியில் பொருத்திய ஒரு கைப்பேசியும், வீரர்களின் பெயரையும் ஊரையும் சொல்லக்கூடிய ஒருவரும் இருந்தால் நேரலைக்குப் போதும். ரொறன்ரோவில் வளரும் நம் பிள்ளைகளுக்குப் பனி ஹொக்கி புதிதல்ல என்பதால், தகப்பனோடு சேர்ந்து அதிகாலையில் பார்க்க அவர்களும் அமரக்கூடும்.

மேற்சொன்ன பென் ஸ்டேட்டும் அரிசோனா ஸ்டேட்டும் வெறுங்கையோடு தொடங்கியவை அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். இரண்டிலும் முதற்பிரிவுக்கு முன்பே கழக அணிகள் ஆண்டுக்கணக்கில் விளையாடின; அரிசோனாவின் கழக அணி 2014இல் கழகங்களுக்கான தேசியப் பட்டத்தையும் வென்றிருந்தது. பென் ஸ்டேட் தேசியச் சுற்றின் அரையிறுதிக்கு வரும் நான்கு அணிகளுள் ஒன்றானது 2025இல்தான். அதற்கு முன்பே அதன் மாணவர் பகுதியில் பாட்டும் கோஷமும் பழகிப்போயிருந்தன. ஆகவே முதலிரு ஆண்டுகளின் கூட்டத்தை வைத்து எந்த முடிவுக்கும் வர வேண்டாம்.

உண்மையான சோதனை, முதல் அணியின் நல்ல வீரர்கள் உயர்தரப் பரீட்சை எழுதி விலகிய பின் வரும் ஆண்டில்தான். அந்த ஆண்டு அணி தோற்கவும் கூடும். அதற்கு முன்னேற்பாடாக, விலகிய பதினொருவரின் பெயரையும் தொலைபேசி இலக்கத்தையும் ஒரு கொப்பியில் எழுதி வைத்து, ஒவ்வொருவரையும் நேரில் அழைத்து, இடைவேளையில் மைதானத்துக்குள் நிறுத்திப் பெயர் சொல்ல வேண்டும். அவர்களோடு நண்பர்களும் வருவார்கள், சில ஆண்டுகளில் பிள்ளைகளும் வருவார்கள். வந்தவர்களின் எண்ணிக்கையை ஆண்டுதோறும் அதே கொப்பியில் குறித்து, வென்ற ஆண்டையும் தோற்ற ஆண்டையும் ஒப்பிட வேண்டும். இரண்டுக்கும் இடையிலான வித்தியாசம் குறைந்து வந்தால் வேலை சரியாக நடக்கிறது. தோற்ற ஆண்டில் கூட்டம் பாதியாகக் குறைந்தால், வீரர்களின் ஊர்களுக்கும் ஆறாம் தரப் பிள்ளைகளுக்கும் திரும்பிப் போய் மீண்டும் தொடங்க வேண்டும். எந்த முடிவு வந்தாலும், கடைசி விசில் ஊதியதும் கூட்டம் கயிற்றைத் தாண்டிக் கலைவதற்கு முன்பாக, அடுத்த ஆண்டுப் போட்டியின் திகதியை இரு அதிபர்களும் ஒலிபெருக்கியில் அறிவித்துவிட வேண்டும்.